ஊன்றுவதா, மடிப்பதா

ஒரு மாதமாகச் சுபியானுக்குச் சைக்கிள் ஸ்டாண்ட் பைத்தியம். கல்முனைத் தபாற்கந்தோரில் கடிதம் கொடுத்தே பாதி ஆயுளைச் சைக்கிளில் கழித்த மனுசன். ஓய்வு பெற்ற பிறகாவது அதை விட்டாரா? சாய்ந்தமருது வீட்டின் பக்கத்துத் தகரக் கொட்டிலைப் பட்டறையாக்கிக்கொண்டார். பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டி, எண்ணெய் போட்டு, கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார். இத்தனை காலமும் சாக்கை விரித்து, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் வேலை. இப்போது இடுப்பும் நாரியும் இடம் கொடுப்பதில்லை. குனிந்தால் நிமிர்த்த ஆள் வேண்டும்.

சைக்கிளைத் தூக்கி மாட்டி, நின்றபடியே வேலை செய்ய ஒரு ஸ்டாண்ட் வேண்டும். போனில் பார்த்துப் பார்த்து இரண்டில் வந்து நின்றார். ஒன்று நிலத்தில் ஆழக் கிடங்கு வெட்டி, கொங்கிறீற் போட்டு ஊன்றுவது. சைக்கிளை நெஞ்சுயரத்தில் பிடித்துக்கொள்ளும். துருவேறிய பெடலை எப்படி முறுக்கினாலும் அசையாது. மற்றது மூன்று காலை விரித்து நிற்பது. வேலை முடிந்ததும் மடித்துச் சுவரில் சாத்தலாம். ஓங்கி முறுக்கினால் ஆடும். மனசு முதலாவதைக் கேட்டது. புத்தி இரண்டாவதைச் சொன்னது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மகள் றஸ்னாவுக்கு நிக்காஹ். இந்தப் பக்கத்தில் பெண் புறப்பட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனம். பெற்றவர்களுக்காக மேற்கே வட்டை ஓரத்தில், வயலைப் பார்த்தபடி ஒரு சின்ன வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கொட்டில் இருக்கும் இடத்தில் மருமகனின் கார் நிற்கும். அங்கே எதை ஊன்றுவது?

சுபியானும் அப்படி வந்த மாப்பிள்ளைதான். மருதமுனையிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் வந்தார். வீடு நிறைய ஆட்கள். புதுப் பெண்ணோடு இரண்டு வார்த்தை பேச வழியில்லை. ஆசை யாரை விட்டது! நன்றாக ஓடிய செயினைத் தானே கழற்றிவிட்டு, முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "புள்ள ஜெனூபா, இந்தப் பெடலக் கொஞ்சம் சுத்து" என்று கூப்பிடுவார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து குந்துவாள். சில்லு சுற்றும், கதையும் சுற்றும். "மாப்பிளைட சைக்கிளுக்கு ஒவ்வொரு நாளும் வருத்தம்" என்று மாமி முணுமுணுப்பார். அந்தப் பின்னேரங்களை நினைத்தால் சுபியானுக்கு இப்போதும் இனிக்கும். இனிப்போடு கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

அன்று பின்னேரம் ஜெனூபா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். சுபியான் போனை நீட்டினார்.

"மடிக்கிறதயே எடுக்கப் போறன் புள்ள. எங்க போனாலும் தூக்கிட்டுப் போகலாம். எனக்கென்ன, நான் ஒருக்கா வீடு மாறி வந்த ஆள்தானே."

திருவலைச் சத்தம் நின்றது.

"ஓம், உங்களுக்கு லேசுதான்" என்றாள் ஜெனூபா. "நான் இஞ்ச பொறந்து, இஞ்சயே கலியாணம் முடிச்சி, இஞ்சயே புள்ள பெத்தவ. இந்த வயசிலதான் முதல் தரம் வீடு மாறப் போறன்."

"மகளுக்குக் குடுக்கத்தானே வேணும்?"

"குடுக்கத்தான் வேணும். சந்தோசமாத்தான் குடுக்கன். அதுக்காக நோவு இல்லயெண்டு ஆர் சொன்ன?"

மறுபடி தேங்காய்ப் பாதியைத் திருவலையில் வைத்தாள். ஒரு மாதமாகக் கொட்டில் போகிறதே என்று தான் பட்ட கவலையை நினைத்துச் சுபியான் வெட்கப்பட்டார். சாமான்களைக் கட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் திரிந்தவளிடம் ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து அவளைப் புது வீட்டுக்கு அழைத்துப் போனார். ஜெனூபா எப்போது வந்தாலும் விருந்தாளி மாதிரி வாசலோடு நின்றுவிடுவாள். செருப்பைக் கூடக் கழற்றமாட்டாள். அன்றும் அப்படித்தான் நின்றாள். மேசன்மார் விட்டுப்போன மண்வெட்டியைச் சுபியான் எடுத்தார்.

"எவடத்தில கிடங்கு வெட்டுற? நீயே சொல்லு."

"என்னத்துக்குக் கிடங்கு?"

"ஸ்டாண்டுக்கு. ஊண்டுறதுக்குத்தான் ஓடர் பண்ணியிரிக்கன். அத ஊண்டினா மறுகா பேத்தெடுக்க ஏலா. நாம இஞ்சதான் இரிக்கப் போறம் புள்ள."

ஜெனூபா அவரைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வீட்டு வளவை ஒரு சுற்றுச் சுற்றினாள். கண்ணாடி போடாத குசினி ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள்.

"இதில வெட்டுங்க. உள்ள இருந்தா எனக்கு உங்களத் தெரியணும்."

சுபியான் இரண்டு வெட்டுத்தான் வெட்டினார். நாரி பிடித்துக்கொண்டது. "அல்லாஹ்வே!" என்று குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"தாங்க இஞ்சால" என்று ஜெனூபா மண்வெட்டியைப் பிடுங்கினாள். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன்னுடைய புது வளவில் முதல் கிடங்கைத் தானே வெட்டினாள்.