மணி கட்டிய ஆடு

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளையும் தனியாக வைத்து நல்லது கெட்டது என்று சொல்லமாட்டார். இரண்டை அடுத்தடுத்துப் பார்த்த பிறகே தீர்ப்பு. எதிரே அமர்ந்திருப்பவரின் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, அதில் ஒரு வில்லையைச் செருகி, "இது தெளிவா இருக்கா?" என்பார். அதை உருவி மற்றொன்றைச் செருகி, "இல்ல, இது தெளிவா இருக்கா?" என்பார். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் நாற்பது ஐம்பது முறை கேட்ட கேள்வி நாக்கோடு நின்றுவிடுமா? தக்காளி வாங்கினாலும் கைக்கொன்றாக ஏந்தித்தான் பார்ப்பார். செருப்புக் கடையில் இடக்காலில் ஒரு வகை, வலக்காலில் வேறொரு வகை மாட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். "உங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் ரெண்டு பேரை நிக்க வச்சுப் பாத்தீங்களா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு, "அன்னிக்கு மட்டும் அவசரப்பட்டுட்டேன்" என்று முகம் மாறாமல் பதில் சொன்னவர் அவர்.

முன்னறை அக்காவுடையது, பாதிக் கதவுக்கு அப்பால் பின்னறை தம்பியுடையது. அளவெடுத்து வந்த வில்லையைச் சட்டத்தின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது தம்பியின் வேலை. சுழலும் கல்லின்மேல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அவருடைய மேலங்கியில் வெண்ணிறச் சேறு படிந்தே இருக்கும். பதினான்கு ஆண்டுகளாக அந்த முக்காலியை விட்டு அவர் வேறெங்கும் வேலை தேடிப் போனதில்லை.

ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்ற அக்காவுக்கு நாற்பத்தேழு வயதில் வெள்ளெழுத்து வந்திருந்தது. தம்பி இரண்டு முறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "எனக்கென்னடா குறைச்சல்? கை நீளமாத்தானே இருக்கு!" என்று சொல்லி, அக்கா ரசீதை முழநீளம் தள்ளிப் பிடித்துப் படித்துக் காட்டினார். அதற்குமேல் தம்பி வாய் திறக்கவில்லை.

கல்லாவின் ஓரத்தில் ஒரு கணினி இருந்தது. காலையில் தம்பி அதில் வில்லைகளுக்கு ஆர்டர் போடுவார். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் அக்கா செய்தி படிப்பார். படிப்பார் என்பதைவிடப் படிக்க முயல்வார் என்பதே பொருந்தும். ஒரு வரிச் செய்திக்கு ஒன்பது வரி விளம்பரம் வந்தது. இடப்பக்கம் ஒரு மெத்தை விரியும். வலப்பக்கம் ஒருவர் பல்லைக் காட்டுவார். நடுவிலே திரைபோல ஒன்று இறங்கி, படித்துக்கொண்டிருந்த வரியை மூடிக்கொள்ளும். அதன் மூலையில் கடுகளவு பெருக்கல் குறி ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் விளம்பரம் போய்விடும் என்பது ஏற்பாடு.

ஒரு திங்கட்கிழமை, அப்படி இறங்கிய திரையில், 'கடை இடம் வாடகைக்கு' என்றிருந்தது. அக்கா அலுத்துக்கொண்டு அதை மூடினார். செவ்வாயன்று கடை இடங்கள் மூன்றாயின. புதனன்று, பழைய கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஒன்று விலைக்கு வந்தது. வியாழனன்று, புதுக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதித் தருகிறோம் என்று ஒருவர் சிரித்தார்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. நாம் தேடுவதைத்தான் கணினி நமக்குக் காட்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறார். இந்தக் கணினியைத் தொடுகிறவர்கள் இருவரே, தாம் தேடவில்லை. போன மாதந்தான், "இந்த மெஷின் பழசாயிடுச்சுக்கா" என்று தம்பி சொன்னார். அன்று சாதாரணமாகக் கேட்ட சொல்லுக்கு இன்று கொம்பு முளைத்தது. தக்காளியைக்கூட இருமுறை பார்க்கிறவர், உடன்பிறந்தவரை ஒரே வில்லையில் பார்த்து முடிவு கட்டிவிட்டார்.

அன்று மாலை சட்டங்கள் விற்கும் மொத்த வியாபாரி கடைக்கு வந்தார். தெருவில் அவருக்குப் பிரேம்காரர் என்று பெயர். நல்லவர்தான், ஆனால் வாய்க்கு மூடி இல்லாதவர்.

"அண்ணே, ஒரு விஷயம்" என்று அக்கா குரலைத் தாழ்த்தினார். "இனிமே அவன்கிட்ட ஆர்டர் வாங்காதீங்க. என்கிட்டயே கேளுங்க. அவன் தனியாக் கடை போடப் போறான்."

"அட! தம்பியா? பூனை மாதிரி இருந்துக்கிட்டு!"

"பால் குடிக்கற பூனைதானே சத்தம் போடாது. தேய்க்கத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தாச் சொல்லுங்க."

"ஒருத்தர் இருக்கார். திங்கக்கிழமை என் கிடங்குக்கு வரச் சொல்றேன்" என்று பிரேம்காரர் பையைத் தூக்கிக்கொண்டார். போகிற வழியில் கடிகாரக் கடையிலும் அச்சகத்திலும் மருந்துக் கடையிலும் நின்று நின்று போனார்.

சனிக்கிழமை நண்பகலில் பின்னறையில் கல் சுழலும் ஓசை நின்றது. தம்பி கைபேசியோடு வெளியே வந்தார்.

"அக்கா, பிரேம்காரர் எனக்கு வாழ்த்து அனுப்பியிருக்கார். திறப்பு விழா எப்பன்னு கேக்கறார். எந்தக் கடைக்கா?"

"அதை நீதான் சொல்லணும்."

"நானா?"

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? இந்தப் பெட்டி எல்லாத்தையும் காட்டிடுச்சுடா. கடை, மெஷின், போர்டு வரைக்கும். நான் தேடலை. அப்ப யாரு தேடினது?"

தம்பி திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை.

"நாலு நாளா இந்தப் பெட்டிகிட்ட விசாரிச்சிருக்கே. பத்தடி தள்ளி உக்காந்திருக்கேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா கல்லாமேல் கிடந்த ரசீதுகளை அடுக்கத் தொடங்கினார்.

"ஆளும் பாத்தாச்சாமே, பிரேம்காரர் அதையும் எழுதியிருக்கார். சரி, பாத்தது பாத்ததாவே இருக்கட்டும். கையில பதினோரு கண்ணாடி இருக்கு. முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறேன்." தம்பி பின்னறைக்குத் திரும்பினார். கல் மறுபடியும் சுழன்றது. பதினோரு கண்ணாடி என்றால் இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளுக்குள் பதினான்கு ஆண்டுகள் முடிந்துவிடும்.

அந்த நேரத்தில் கணினி பழுதுபார்க்கும் பெண் உள்ளே நுழைந்தார். சொன்ன நாளில் ஒருபோதும் வராதவர் என்பதால் அவருக்கு மின்னல் என்று கேலியாக ஒரு பட்டப்பெயர். கணினி மெதுவாக ஓடுகிறது என்று அவரைச் செவ்வாயன்று அழைத்திருந்தார்கள்.

"வந்துட்டேன்கா!"

"வாம்மா. இடி இடிச்சு முடிஞ்சப்புறம் வர மின்னலை இங்கதான் பாக்கறேன்" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தபோதும் அவருக்கு வாய் அடங்கவில்லை.

மின்னல் காரணம் கேட்டார். அக்கா திரையைச் சுட்டிக்காட்டி, மனத்தில் இருந்ததையெல்லாம் கொட்டினார். மின்னல் இரண்டொரு இடத்தில் தட்டி, எந்தெந்தப் பக்கங்கள் எப்போது திறக்கப்பட்டன என்ற பட்டியலை எடுத்தார்.

"அக்கா, இதுல யாரும் எதையும் தேடவே இல்லையே. எல்லாம் செய்திப் பக்கத்துலேருந்து போயிருக்கு. திங்கள் ரெண்டே கால் மணி. செவ்வாய் ரெண்டு இருபது. புதனும் அதே நேரம். அப்ப யாரு உக்காந்திருந்தாங்க?"

"நான்தான். ஆனா நான் அதையெல்லாம் மூடினேனேம்மா!"

"எப்படி மூடினீங்க? ஒரு தடவை மூடிக் காட்டுங்க."

திரையில் ஒரு விளம்பரம் இறங்கியது. அக்கா வழக்கம்போல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, கடுகளவுக் குறியைக் குறிபார்த்துத் தட்டினார். திரையில் சுட்டியின் அம்பு அரை விரல் தள்ளி விழுந்தது. விளம்பரம் மூடவில்லை, விரியத் திறந்துகொண்டது.

மின்னல் வாயைப் பொத்திக்கொண்டார். "மூடலைக்கா. தினமும் போய்க் கதவைத் தட்டி, 'கடை இருக்கா, கடை இருக்கா'ன்னு கேட்டிருக்கீங்க. இந்தம்மாவுக்குக் கடை வேணும்போலன்னு அவங்க குறிச்சுக்கிட்டாங்க. நீங்க எந்தப் பக்கம் போனாலும் கூடவே வராங்க."

மின்னல் ஓர் ஆட்டின் கதையைச் சொன்னார். எங்கே மேய்கிறது என்று அறிவதற்காக இடையன் அதன் கழுத்தில் மணி கட்டினான். அது குனிந்து புல்லைக் கடிக்கும்போதெல்லாம் மணி ஒலித்தது. வேறோர் ஆடு தன் புல்லை மேய்கிறது என்று எண்ணி அது ஓடியது. ஓட ஓட ஓசை பெருகியது. மாலையில் பட்டிக்குத் திரும்பியதும், "நீதானே அந்தத் திருடன்?" என்று உடன்பிறந்த ஆட்டை முட்டிற்று. மணியைக் கட்டியவனோ மரநிழலில் படுத்தபடி, ஒலி வரும் திசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அக்கா தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, "இந்த மணியைக் கழட்ட முடியுமா?" என்றார்.

"முடியும். நீங்க உலகத்தைப் பாக்கற ஜன்னல் இந்தப் பிரவுசர்தான். இப்ப இருக்கறது, நீங்க வெளியே பாக்கறப்ப உங்களை உள்ள பாக்கவும் ஆள் விடுது. வேற மூணு இருக்கு. எது வேணும்னு சொல்லுங்க."

"சொல்லக் கூடாது. பாக்கணும்."

மூன்று உலாவிகளும் கணினியில் இறங்கின. அக்கா இருக்கையை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரே செய்திப் பக்கத்தை முதல் இரண்டிலும் அடுத்தடுத்துத் திறக்கச் சொன்னார். முதலாவது திறந்தவுடனே பெயரும் பிறந்த தேதியும் தொலைபேசி எண்ணும் கேட்டது.

"கண்ணு பாக்க வரவங்ககிட்ட நான் அவங்க சம்பளத்தைக் கேக்கறேனா? இது வேண்டாம்."

இரண்டாவது ஒன்றும் கேட்கவில்லை. மெத்தையும் பல்லும் மறைந்தன. ஆயினும், ஓரத்தில் சிறியதாக ஒரு விளம்பரம் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

"இது யாரு?"

"அது இந்தப் பிரவுசர்காரங்களே உள்ள விடறதுக்கா. மத்தவங்களைத் தடுத்துட்டு, தங்களுக்குக் காசு குடுத்தவங்களை மட்டும் விடுவாங்க."

"வாசல் காவலுக்கு வச்ச ஆளே உறவுக்காரங்களை உள்ள விட்ட கதையா? சரி, அடுத்தது."

மூன்றாவதில் செய்தி மட்டும் வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. அது யாரையும் பின்தொடர விடுவதில்லை என்பதை மின்னல் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "இவங்களுக்கு யாரும்மா சோறு போடறாங்க?" என்று அக்கா கேட்டார். விரும்பியவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது என்றும், வரவு செலவை எல்லாரும் பார்க்கலாம் என்றும் மின்னல் சொன்னார்.

"செய்தி எழுதறவங்களுக்கு விளம்பரந்தானே சாப்பாடு? அதையும் அடைச்சுட்டா?"

"உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு ரெண்டு பேப்பருக்கு மட்டும் அனுமதி குடுக்கலாம். இல்லன்னா சந்தா கட்டலாம்."

"சந்தா கட்டிடறேன். ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறதைவிடக் கதவைத் தட்டிக் கேக்கறது மரியாதை."

மூன்றாவதுதான் என்று முடிவாயிற்று. ஆனால் வில்லைகளுக்கு ஆர்டர் போடும் பக்கம் அதில் திறக்கவில்லை, வெள்ளையாகவே நின்றது. மின்னல் தடவித் தடவிப் பார்த்தார். அந்தப் பக்கத்தின் போக்கு தம்பிக்கு மட்டுமே தெரியும். அக்கா பாதிக் கதவைப் பார்த்தார்.

அழைக்காமலேயே தம்பி வந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, "இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தடுப்பை எடுத்துவிடும்மா. பாஸ்வேர்டு பெட்டி தனியாத் திறக்கும், அதைத்தான் அடைக்குது" என்றார். பக்கம் திறந்தது.

"தம்பி" என்றார் அக்கா.

"விடுக்கா. புரிஞ்சுடுச்சு இல்ல?"

"தப்பு என்னுதுடா."

"திரை சுத்தமாயிடுச்சு. தெரு வாயை எந்தப் பிரவுசர் அடைக்கும்? காலையில மருந்துக் கடைக்காரர் என்கிட்ட, 'கூடப் பொறந்தவங்களுக்கே குழி பறிக்கறியேப்பா'ன்னார். நான் எதைப் பத்திப் பேசறார்னு கூடத் தெரியாம சிரிச்சுட்டு வந்தேன்." சொல்லிவிட்டுத் தம்பி உள்ளே போனார். இயந்திரம் ஓடும் ஓசை மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் அக்கா கடையின் கதவைப் பாதி திறந்து, மறுபடியும் சாத்தினார். "வாடா, கூட வா" என்றார்.

"எங்கக்கா? இன்னும் ரெண்டு கண்ணாடி பாக்கி."

"அதை அப்புறம் பாக்கலாம்."

கிடங்கில் பிரேம்காரர் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். கூட மூன்று வேலையாட்கள். பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒருவர், கருவிப்பையை மடியில் வைத்துக் காத்திருந்தார். தம்பி வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, எல்லாரும் கேக்கட்டும்னு சத்தமாவே சொல்றேன்" என்றார் அக்கா. "இவன் எந்தக் கடையும் பாக்கலை, யாருக்கும் துரோகம் நினைக்கலை. விளம்பரத்தை மூடத் தெரியாம நானே திறந்து திறந்து பாத்துட்டு, பழியை இவன்மேல போட்டேன். உங்ககிட்டச் சொன்னது அத்தனையும் பொய்."

வேலையாட்களில் ஒருவர் பெட்டியைக் கீழே வைத்தார். பிரேம்காரர் தலையைச் சொறிந்தார். "அடடா! நான் வேற நாலு பேர்கிட்ட..."

"தெரியும்ணே. அங்கேயும் போறேன்." பிறகு காத்திருந்தவர் பக்கம் திரும்பி, கைகூப்பினார். "உங்களையும் வீணா அலைய வச்சுட்டேன். இல்லாத வேலைக்கு வரச் சொன்னது என் தப்பு."

"பரவாயில்லம்மா. நல்லவேளை, பழைய இடத்துல இன்னும் சொல்லலை" என்றார் அவர்.

மருந்துக் கடையில் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அக்கா அவர்கள் போகும்வரை காத்திருக்கவில்லை; எல்லார் முன்னிலையிலும் அதையே சொன்னார். கடைக்காரர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கேக்காம பேசிட்டேன், மன்னிச்சுக்கப்பா" என்றார்.

வெளியே வந்ததும் தம்பி அக்காவின் கையைத் தொட்டார். "போதும்கா. தையற்காரம்மாவுக்கு மத்தியானம் கண்ணாடி தரணும். அப்புறம் அந்த அச்சகக்காரர் அளவு குடுத்திருக்கார், அதுக்கு நாளைக்கு லென்ஸ் வந்துடும். நான் போய் மெஷினைப் போடறேன்."

"நீ போடா" என்றார் அக்கா. "எனக்கு இன்னும் ரெண்டு கடை இருக்கு."

தம்பி சாவியை வாங்கிக்கொண்டு திரும்பினார். அக்கா தெருவைக் கடந்து, கடிகாரக் கடையின் படியில் ஏறினார்.