எழுபத்தொன்றில் நின்ற கறி

அவள் பின்கதவைத் திறந்தபோது தம்பி புகையடுப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெப்பமானியைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். காலை ஐந்து மணியிலிருந்து அதே கோலம். பழைய எண்ணெய் பீப்பாயை நீளவாக்கில் அறுத்து, கீல் வைத்து, கால் வைத்து அவனே செய்த அடுப்பு. உள்ளே நாலு கிலோ மாட்டுக்கறி, தோள்பட்டையிலிருந்து ஒரே துண்டாக வெட்டி வாங்கியது, கரியும் பழமரக் கட்டையும் புகைய மெல்ல மெல்ல வெந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் அப்பா செத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா உன்னக் கூப்பிடுறார்" என்றாள்.

"எழுபத்தொண்ணுல நிக்குது அக்கா. பன்னெண்டு மணிக்கு நின்னது, இன்னும் ஒரு டிகிரி ஏறல."

"நான் கறியப் பத்திக் கேக்கல."

"இது இப்படித்தான் நிக்கும். உள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்து வேர்க்குதுல்ல, அதுவே சூட்டக் குறைச்சிடும். பொறுத்திருந்தா தானா ஏறும். இப்ப விட்டுட்டு எழுந்தா தீ இறங்கிடும்."

"காகிதத்துல சுத்தி வச்சா சீக்கிரம் வெந்துடும்னு நீதான சொன்ன."

"வெந்துடும். ஆனா மேல புகையில இறுகின அந்தக் கருப்புப் பட்டை ஊறிப்போயிடும். அப்புறம் என்ன இருக்கு அதுல."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பத்தாறு வயது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. எந்த இடத்தில் பிரேக் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன். போன வருஷம் ரொட்டி சுட்டான். அதற்கு முந்தின வருஷம் மீன் வளர்த்தான், அத்தனையும் ஒரே வாரத்தில் மிதந்தன. அம்மா போன அன்றைக்கு வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். சைக்கிளில் பஞ்சரே இல்லை என்பது இன்றுவரை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்பாவுக்காகத்தான் செய்றேன். அவர்தான கறி வேணும்னு கேட்டார்" என்றான்.

அப்பா கேட்டது உண்மைதான். பத்து நாளைக்கு முன்னால், என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று அவரைக் கவனிக்க வரும் நர்ஸ் சிஸ்டர் பேச்சுக்குக் கேட்டதற்கு, சின்னவன் சுடுகிற கறி என்று பேச்சுக்குச் சொன்னார். நாலு நாளாக அவர் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் தடவுகிறார்கள். அந்த மனிதருக்கு நாலு கிலோ கறி.

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "வாசனை ஆளத் தூக்குதே" என்றார். தம்பி பரீட்சையில் முதலாவதாக வந்தவன் மாதிரி சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

அறையில் சிஸ்டர் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தாள். காற்றுக்காகத் திறந்துவைத்த ஜன்னல் வழியாகப் புகை வாசம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பா மூக்கை விரித்து மோந்தார்.

"மோட்டார் கருகுது. சின்னவன வரச்சொல்லு."

"சொல்லிட்டேன்பா. வருவான்."

இது காலையிலிருந்து மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்த்துத்தான் கேட்கிறார், ஆனால் அவளைக் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக மலம் அள்ளி, மூத்திரம் துடைத்து, சலவைக்கடை கவுண்டரில் அரைநாள் லீவு கேட்டுக் கேட்டு முதலாளியை முகம் சுளிக்க வைத்தவள் அவள். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால் அவளைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கண்கள் கதவைத் தேடின. அவருக்கு மகனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய ஆசை ஒன்றும் இல்லை, பத்தடி தூரத்தில் இருக்கிறான்.

நாலரைக்கு சிஸ்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"மேடம், மூச்சு மாறிடுச்சு. கூப்பிட வேண்டியவங்கள இப்பக் கூப்பிட்டுடுங்க."

அவள் பின்கதவுக்குப் போனாள். தம்பியின் முகமெல்லாம் கரியும் சந்தோஷமுமாக இருந்தது.

"ஏறிடுச்சு அக்கா. தொண்ணூறு. பாத்தியா, பொறுமையா இருந்ததுக்கு. அப்பா தூங்குறாரா?"

ஒரு வார்த்தை போதும். வாடா என்றால் போதும். அவன் வராவிட்டால் காதைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம், சின்ன வயதில் இழுத்துப் பழக்கமான காதுதான். அவள் அந்தக் கரி பூசிய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை வருஷம் இவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது. எல்லாம் முடிந்தபிறகு தட்டும் கையுமாக வரட்டும். வந்து பார்க்கட்டும்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"ஒரு மணி நேரம். அதிகம் போனா."

"சரி. நிதானமா செய்."

திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். அப்பாவின் உதடு அசைந்தது.

"வர்றானா?"

"வர்றான்பா."

அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பத்துக்கு மூச்சு நின்றது. கண்ணை சிஸ்டர்தான் மூடினாள். தெருக்கோடி டாக்டருக்கு போன் செய்துவிட்டு, "தம்பி வரலையே?" என்று மட்டும் கேட்டாள்.

"வருவான்" என்றாள் அவள்.

ஐந்தரை தாண்டி வந்தான். கறியைப் பழைய துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். "தொண்ணூத்தஞ்சு. கத்தி வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்குது. இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே சுத்தி வச்சிட்டு—" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் நுழைந்தவன், முகத்தையும் மூடி இழுத்துவிட்டிருந்த போர்வையைப் பார்த்து நின்றான். அவள் காத்திருந்த காட்சி இதுதான். பார்த்தாள். நினைத்த அளவுக்கு நன்றாக இல்லை.

"எப்போ?"

"அஞ்சு பத்து."

"கடைசியா என்னக் கேட்டாரா?"

கேட்டார், நாலு தடவை கேட்டார் என்பது நாள் முழுக்க அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"இல்ல. தூக்கத்துலயே போயிட்டார்."

"நல்லவேளை" என்று சொல்லி அவன் சுவரில் சாய்ந்து அழுதான். அழும்போதும் கறியைக் கீழே வைக்கவில்லை. சீ, என்று இருந்தது அவளுக்கு. இவனுக்கு அழுகைகூட எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது.

டாக்டர் வந்தார். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மேஜையில் காகிதத்தை விரித்துக்கொண்டார்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"நாலரைக்கு மூச்சு மாறிச்சு டாக்டர்" என்றாள் சிஸ்டர். தெரிந்ததைச் சொல்வதுதான் சிஸ்டரின் வேலை. "கூப்பிட வேண்டியவங்களக் கூப்பிடச் சொல்லி மேடம்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"நினைவு இருந்துச்சா?"

"கடைசி வரைக்கும் இருந்துச்சு. மகன் வர்றாரான்னு கேட்டார்."

டாக்டர் எழுதினார். தம்பி அழுவதை நிறுத்தியிருந்தான். அவன் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. நாலரை. தொண்ணூறு. நிதானமா செய்.

டாக்டர் போனதும் அவன் கத்துவான் என்று அவள் சமையலறையில் காத்திருந்தாள். பதில்கள் எல்லாம் தயாராக இருந்தன. பஞ்சர், முக்காலி, இரண்டு வருஷம், கருப்புப் பட்டை. ஒவ்வொன்றாக எடுத்து வீசினால் அவன் தாங்கமாட்டான்.

அவன் வந்து துண்டை அவிழ்த்தான். ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை. பலகையில் வைத்து அறுத்தான். சாறு பலகையிலிருந்து வழிந்து மேஜையில் இறங்கியது, அவன் துடைக்கவில்லை. இரண்டு துண்டுகளைத் தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினான்.

"சாப்பிடு அக்கா. காலைலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

குரலில் கோபம் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு வாய் எடுத்தாள். கறி நன்றாக இருந்தது. கருப்புப் பட்டை மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி. ஒரு துண்டை முடித்தாள். இரண்டாவதையும் முடித்தாள்.

"இன்னும் வைக்கவா?" என்றான்.

அவள் தட்டை நீட்டினாள்.