கரைக்கு ஒரு மெசின்

எமில்டாவின் ஊரில் ஒரு படகு பிந்தினால் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. அந்த வீட்டுப் படலை வாசலில் நின்று "வந்திட்டாரோ" என்று கேட்டால், வரமாட்டார் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். பெண்கள் முற்றத்தைக் கூட்டுவார்கள், கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டுவார்கள். கண் மட்டும் கடலில் இருக்கும்.

அந்த முல்லைத்தீவுக் கரையின் மீனவர் சங்கம் படகுகளில் இடங்காட்டும் கருவி பூட்டியது. படகு எங்கே நிற்கிறதென்று கைபேசியில் பார்க்க ஓர் இணையப் பக்கம் வேண்டுமென்று கிளிநொச்சியில் எமில்டா வேலை செய்யும் சிறிய அலுவலகத்துக்கு வந்தார்கள். ஊர்ப் பிள்ளை என்பதால் வேலை அவளிடம் வந்தது. எல்லாம் எழுதி முடிந்து, இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் எந்த வகைக் கிளவுட் மெசினில் அதை ஓட்டுவது என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

"இந்தச் சின்னது சும்மா இருக்கேக்க பலத்தைச் சேர்த்து வைக்கும் அக்கா," என்றான் பக்கத்துக் கதிரையிலிருந்த பிரதீபன். "வேலை வந்தா அதை எடுத்து ஓடும். சேர்த்தது முடிஞ்சுதோ, படுத்திடும். எங்கட பெரியப்பா மாதிரி. காலமை ஒரு பாத்தி கொத்துவார், பிறகு பின்னேரம் வரைக்கும் மரத்துக்குக் கீழதான்."

"மற்றது?"

"மற்றது எந்த நேரமும் ஒரே வேகம். வாடகையும் கூடுதல். நானெண்டா அதைத்தான் எடுப்பன்."

"படகு இடைக்கிடை தன்ர இடத்தை அனுப்பப்போகுது. அதுக்கேன் பெரிய மெசின்?"

"பாக்கிற சனம்?"

"எங்கட சனம் கேக்காதுகள், பிரதீபன்."

பிரதீபனின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து விசுவமடுவில் தோட்டம் செய்வது. அவன் தோளைக் குலுக்கினான். "கடல் உங்கட பக்கம். எனக்கு விளங்கினது மிளகாய்தான்."

அவள் சின்னதை எடுத்தாள். மாதக்கணக்காக அது ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது.

வாடைக்காற்று தொடங்கிய நாட்களில் ஒரு காலை, அவள் அலுவலகத்துக்கு வந்து பக்கத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. மெசினின் வரைபடத்தைப் பார்த்தாள். பார்ப்பவர்களின் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. சேர்த்து வைத்த பலத்தின் கோடு அடியில் கிடந்தது. உள்ளே பதிந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பதிவில் மற்ற எல்லாப் படகுகளும் கரையில். அப்பா யாக்கோப்புவின் படகு மட்டும் வெளியே.

வீட்டிலிருந்து ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கேட்காத சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீடும், வெளிநாடுகளில் சிதறிப்போன ஒவ்வொரு பிள்ளையும். திறக்காவிட்டால் மூடி, திரும்பத் திறந்து. அந்த நெரிசலுக்குள் படகின் கருவி அனுப்புவதுகூட உள்ளே வர முடியாமல் நின்றது.

அண்ணன் வின்சனை அழைத்தாள்; அவன் ஏற்கெனவே அப்பாவைத் தேடிப் படகில் போயிருந்தான். கடைசியாகப் பதிந்த இடத்தைச் சொன்னாள்.

"அது பழசு!" இயந்திரச் சத்தத்துக்கு மேலாக அவன் கத்தினான். "அங்கதான் நிக்கிறன், ஒண்டுமில்லை. நீரோட்டம் இழுக்குது. புது இடம் தா."

பிரதீபன் எழுந்து அவள் பின்னால் வந்து நின்றான். அவன் முன்பு சொன்னதை நினைவூட்டவில்லை. "வகையை மாத்தலாம் அக்கா. ஆனா மெசினை நிப்பாட்டித்தான் எழுப்ப வேணும். அந்த இடைவெளிக்குள்ள கருவி அனுப்பினா, அது போச்சு."

"நிப்பாட்டாட்டி?"

"இப்பவும் ஒண்டும் வருகுதில்லைத்தானே."

விரல் விசையின் மேலேயே நின்றது. கரையில் நிற்கும் பெண்ணாகிவிடக் கூடாது என்றுதான் அவள் படித்தாள். மெசினை எடுக்கையில் கடலுக்குப் போகிறவர்களை ஒவ்வொரு படகாக எண்ணியவள், அம்மாவை எண்ணவில்லை. அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்தபடி நின்ற சிறுமியான தன்னையும் எண்ணவில்லை. சத்தமில்லாமல் நிற்பவர்கள் பாரமில்லாதவர்கள் என்று யார் அவளுக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அப்படி நம்புவது அவளுக்குத் தேவையாக இருந்தது.

நிறுத்தினாள். ஒரே வேகத்தில் ஓடும் பெரிய வகையைத் தெரிவுசெய்து, எழுப்பக் கொடுத்தாள்.

கைபேசி அடித்தது. அம்மா.

"பிள்ளை, எல்லாற்ற போனிலயும் நிண்ட பக்கமும் அணைஞ்சு போச்சு." பிறகு, அவள் பிறந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து கேட்டிராத கேள்வி வந்தது. "அப்பா எங்க?"

"நான்தான் அணைச்சனான் அம்மா. பெரிசா ஒண்டை எழுப்பிறன். அப்பாவுக்கு ஒண்டும்..." அந்தப் பேச்சை அப்படியே விட்டாள். "தெரியாது அம்மா. தெரிஞ்ச உடன சொல்லுறன்."

"சரி. போனை வையாத."

எமில்டா கைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டாள். அம்மாவின் பக்கத்தில் காற்று இரைந்தது. இந்தப் பக்கத்தில் மெசின் எழும்பியது. அடுத்த கணமே சனம் முழுவதும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தது. மெசின் அசையவில்லை. அப்பாவின் புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. அந்த இடைவெளிக்குள் ஏதும் வந்து வீணாய்ப் போயிருக்குமோ என்று அவள் நினைத்து முடிக்குமுன், புள்ளி தாவியது. வின்சன் தேடிய இடத்திலிருந்து வெகு தூரம், வேறொரு திசையில்.

"அம்மா, அப்பாட இடம் வந்திட்டுது."

"காணுறன்," என்றாள் அம்மா. கைபேசியை வைத்துவிட்டாள்.

புது இடத்தை அவள் வின்சனுக்குச் சொன்னதும் அவனுடைய புள்ளி திரும்பியது. நண்பகல் கடந்து இரண்டு புள்ளிகளும் ஒட்டின. அப்பாவின் படகு இயந்திரம் நின்றுபோய் நீரோட்டத்தில் இழுபட்டதாம். அப்பா நலம், கட்டி இழுத்து வருகிறேன் என்று அண்ணன் செய்தி அனுப்பினான். அதை அவள் ஊருக்கும் அறிவித்தாள். ஆனாலும் பார்ப்பவர்களின் கோடு இறங்கவில்லை. ஒருவர்கூடப் பக்கத்தை மூடவில்லை. அவளும் சாப்பிடப் போகவில்லை.

பின்னேரம் அந்தக் கோடு திடீரெனச் சரிந்து தரைக்கு வந்தது.

பிரதீபன் பதறி எழும்பினான். "என்னக்கா, இதுவும் படுத்திட்டுதோ?"

"இல்லை," என்றாள் எமில்டா. "கரைக்கு வந்திட்டினம்."