பாதி பழசு, பாதி புதுசு

தையல்காரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சரிபாதியாகப் பிரிந்தாள். ரத்தம் வரவில்லை. தையல் விட்ட துணிபோலச் சத்தமில்லாமல் பிரிந்து, ஒரு பாதி மெஷினுக்கும் மறுபாதி அடுப்புக்கும் நொண்டிப் போயின. மதியத்துக்குள் ஒவ்வொரு பாதியும் தன் எதிர்ப்பாதியை வளர்த்துக்கொண்டுவிட்டது. அவளுக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: மதியம் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாமல் தூங்க வேண்டும். இனி ஒருத்தி தைத்தால் இன்னொருத்தி தூங்கலாம் என்று கணக்குப் போட்டாள். இருவருமே அதே கணக்கைப் போட்டதுதான் வினை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு "நீ போய்த் தை", "ஏன், நீ போயேன்" என்று மல்லுக்கு நின்றார்கள். கடையில் துணி மலையாகக் குவிந்தது.

பஸ் ஓட்டும் கணவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, இருவரையும் பரிசோதனைக்கூடத்துக்கு இழுத்துப் போனான். அசல் எது என்று தெரிந்தால் நகலை வேலைக்கு விரட்டலாம் என்பது அவன் எண்ணம். அங்கிருந்த பெண் இருவரின் எச்சிலையும் சோதித்துவிட்டுச் சலித்துக்கொண்டாள்.

"உடம்புக்குள்ள தினமும் நடக்கிறதுதாங்க இது. டி.என்.ஏ. முறுக்கின ஏணி மாதிரி. உடம்பை எப்படிக் கட்டணும்னு அதுலதான் எழுதியிருக்கு. படிக்கு ரெண்டு எழுத்து, ஜோடியா நிக்கும். நடுவுல பிரிஞ்சா, ஒவ்வொரு பாதியும் தனக்கேத்த ஜோடியைச் சேர்த்துக்கும். ரெண்டு பேர்லயும் பாதி பழசு, பாதி புதுசு. அசல் எதுன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

வருடங்கள் ஓடின. தையல்காரிகள் மேலும் மேலும் பிரிந்தார்கள். ஆள் பெருகப் பெருகச் சோறும் பாத்திரமும் "ஏய், இங்க வா"வும் பெருகின. தூக்கம் மட்டும் எவளுக்கும் கிடைக்கவில்லை. எரிச்சல் எல்லோருக்கும் அச்சு அசலாக ஒரே அளவில் வந்தது. ஒருத்தி கோபப்பட இன்னொருத்தி சமாதானம் சொல்லக்கூட வழியில்லை.

பிறகு ஒருத்தி குறையோடு வந்தாள். மழைச் சத்தம் கேட்கும், ஹாரன் கேட்கும், பக்கத்து வீட்டு வம்பு நன்றாகவே கேட்கும். வேலைக்குக் கூப்பிட்டால் மட்டும் காதில் விழாது. கணவன் அவளையும் பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போனான்.

"நகல் எடுக்கும்போது ஒரு எழுத்து மாறிடுச்சு" என்றாள் அந்தப் பெண்.

"சரி பண்ண முடியாதா?"

"முடியாதுங்க. இவகிட்டேருந்து பிரியறவங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்."

அன்று மதியம் அவன் தொண்டை வறளக் கூப்பிட்டான். அவள் வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். மற்றவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு, வயிறெரிய அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் இரண்டானாள். இருவருக்கும் கேட்கவில்லை. கணவன் இப்போது மதியச் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிடுகிறான்.