யாரும் நுழையாத ஐந்து ஏக்கர்

விவாகரத்தில் வீடு எனக்கு வந்தது, படகு ஆர்லனுக்குப் போனது. நாற்பது ஏக்கர் காட்டை மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. நீதிபதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இரண்டு பேர் பெயரிலுமே இருக்கட்டும் என்று எழுதிவிட்டார். அதனால் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாத நானும் அவனும் ஒன்பது வருடமாக ஒரே காட்டில் வேட்டைக்கு நல்ல மான் வளர வேண்டும் என்று உழைத்துக்கொண்டிருந்தோம்.

உழைப்பு என்றால் சாதாரண உழைப்பு இல்லை. மார்ச்சில் பனி இளகும்போது ரம்பத்தோடு இறங்குவோம். மரத்தை முழுக்க அறுக்காமல் நெஞ்சு உயரத்தில் பாதி அறுத்துச் சாய்த்துவிட வேண்டும். பட்டை ஒட்டிக்கொண்டிருப்பதால் சாய்ந்த மரமும் தளிர் விடும். மானுக்கு மறைவும் ஆச்சு, தீனியும் ஆச்சு. ஏப்ரலில் மேட்டு வெளியில் சுண்ணாம்பு போட்டு க்ளோவர் என்ற தீவனச் செடியை விதைப்போம். ஜூனில் ஓக் கன்றுகளுக்குக் குழாய் மாட்டுவோம், இல்லாவிட்டால் யாருக்காக நட்டோமோ அந்த மான்களே கன்றாக இருக்கும்போதே கடித்துப் போட்டுவிடும். ஆகஸ்ட் முழுக்க முள்புதர் வெட்டு. வெட்டிய இடத்தில் அடுத்த ஆகஸ்டில் அதே புதர் நிற்கும். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வருவேன். அவன் பால் டேங்கர் ஓட்டிவிட்டு வருவான். எனக்கு அறுபது வயது, அவனுக்கு அறுபத்து மூன்று. அவனுடைய இரண்டு முட்டிகளும் போய்விட்டன.

காட்டுக்கு நடுவே, இரண்டு குன்றுகளுக்கு இடையில், ஒரு ஊற்று இருக்கிறது. அதைச் சுற்றி ஐந்து ஏக்கரை நான்தான் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் வளைத்தேன். அதற்குள் யாரும் காலே வைக்கக்கூடாது. மனித வாடையே படாத ஓர் இடம் இருந்தால்தான் மான் நம் நிலத்தில் தங்கும். ஒருமுறை காற்றில் பறந்த தொப்பியை எடுக்க ஆர்லன் உள்ளே போய்விட்டான். ஒரு மாதம் அவனோடு பேசவில்லை.

"விவாகரத்துக்கே நீ இவ்வளவு கோவப்படலயே மார்லிஸ்" என்றான்.

"விவாகரத்து எனக்குப் பிடிச்சிருந்துது" என்றேன்.

இன்னொரு விதியும் உண்டு. ஐந்து வயதாகாத ஆண் மானைச் சுடக்கூடாது. கிழக்கு எல்லையில் இருந்த கிழவர் பிரிபிலுக்கு இது பெரிய வேடிக்கை. அவர் அசைவதையெல்லாம் சுடுகிறவர். வேலியோரம் பார்த்தால் விட மாட்டார். "என்னம்மா, பிள்ளைங்க எல்லாம் எப்படி இருக்கு? நீங்க நல்லா வளத்து அனுப்புங்க, நான் சாப்பிட்டுக்கறேன்."

போன அக்டோபரில், மூன்றாவது வாரம், சாயங்காலம் நான்கு மணி இருக்கும். நான் க்ளோவர் வெளியோரம் பரணில் குறுக்கு வில்லோடு உட்கார்ந்திருந்தேன். இடது காது கிழிந்த ஆண் மான் ஒன்று வெளிக்கு வந்தது. மரத்தில் கட்டிவைத்த கேமராவில் நான்கு வருடமாகப் பார்த்துப் பார்த்து நாங்கள் விட்டுவைத்த மான். நல்ல வெளிச்சத்தில் நடு வெளியில் வந்து நின்றது. கால்களை அகட்டி, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. விலா எலும்பை எண்ணிவிடலாம். நான் பரணைவிட்டு இறங்கினேன். ஏணி கிறீச்சிட்டது. அது ஓடவில்லை. இருபதடி தூரத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்தது, ஆனால் நான் என்னவென்று அதற்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

அம்பை விட்டேன். நாங்கள் நான்கு வருடம் காத்திருந்த மான் விழுந்தபோது, பள்ளியில் கடைசித் தட்டைக் கழுவி வைக்கிறபோது வருகிற அந்த வெறும் அசதிதான் வந்தது.

தலையை வெட்டிப் பையில் கட்டி, மாநிலத்தார் சோதனைக்கு வைத்திருக்கிற பெட்டியில் போட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் போனில் அழைத்தாள். நோய் இருக்கிறது என்றாள். மூளையில் தொடங்கி மானை உருக்கிக் கொன்றுவிடும் நோய். மருந்து கிடையாது. செத்த இடத்து மண்ணில்கூட வருடக்கணக்கில் தங்கும். மாவட்டத்தில் இருப்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் நிலத்தில் இல்லை என்று நினைத்திருந்தோம். நாங்கள் சுட்டதே வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதையும் சோதனைக்குக் கொடுத்ததில்லை.

"உங்க நிலத்துல தண்ணி இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "நோய் வந்த மானுக்குத் தாகம் எடுத்துக்கிட்டே இருக்கும். தண்ணிப் பக்கம் போய்ப் பாத்தீங்களா?"

போனை வைத்துவிட்டு ஆர்லனைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆர்லன் வந்தான். இரண்டு பேரும் அந்த ஐந்து ஏக்கரின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றோம்.

"நீ முதல்ல போ. நீ போட்ட சட்டம்" என்றான்.

உள்ளே போனோம். ஒன்பது வருடம் யாரும் நுழையாததால் செடிகொடி முகத்தில் அடித்தது. ஊற்றுக்குப் பத்தடி முன்பாக முதல் மண்டையோடு கிடந்தது. பாசி பிடித்திருந்தது. அப்புறம் தண்ணீருக்குள்ளேயே விலா எலும்புகள். அப்புறம் ஒரு பெண் மான், தோல் இன்னும் எலும்பில் ஒட்டியபடி, மூக்கு ஊற்றின் விளிம்பில். ஆர்லன் எண்ணிக்கொண்டே போனான். பதினொன்றோடு நிறுத்திவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாம் இங்க வந்துதான் செத்திருக்கு" என்றான்.

"நான்தானே கோடு போட்டேன்."

"ஒம்போது வருஷம் அந்தக் கோட்ட நானும்தான் மதிச்சேன்."

"உள்ள வந்து பாத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சு?" என்றான். பிறகு, "வித்துரலாம் மார்லிஸ். என்னால முடியல" என்றான்.

"யாருக்கு விக்கறது? இந்த எலும்போடயா?"

அவன் கையை நீட்டினான். இழுத்துத் தூக்கிவிட்டேன்.

நோய் மேலும் பரவாமல் இருக்க மான்களைக் குறைக்க வேண்டும், அதுவும் பெண் மான்களை. அந்தப் பெண் சொன்னதும் அதைத்தான். இரண்டு பேரால் ஆகிற காரியம் இல்லை. அதனால் மறுநாள் பிரிபில் வீட்டுக்குப் போனோம். அவர் கேலி செய்வார் என்று காரில் போகும்போதே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கேலி செய்யவில்லை. காபி ஊற்றிக் கொடுத்தார், விஷயத்தைக் கேட்டார், மேசைத் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் போன வருஷமே ரெண்டு வந்துது" என்றார்.

"என்ன வந்துது?"

"நோயோட. சோதனைல சொன்னாங்க. உங்க வேலியோரம் சுட்டது."

ஆர்லன் எழுந்துவிட்டான். "ஒரு வருஷமாத் தெரியுமா? ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா உங்களுக்கு?"

"உட்காருப்பா. நீங்க ரெண்டு பேரும் இந்தக் காட்டப் பத்தி மட்டுந்தான் பேசிக்கறீங்க. ஊருக்கே தெரியும். மரம் வெட்டறப்ப சண்டை போடறது என் கொல்லை வரைக்கும் கேக்கும். அதையும் நான் போய்க் கெடுக்கணுமான்னு இருந்துட்டேன்." என் பக்கம் திரும்பினார். "தப்புதாம்மா. தப்புன்னு தெரிஞ்சுதான் இருந்தேன்."

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்துவதற்கு உடம்பில் தெம்பு இல்லை. ஆர்லன் மெல்ல உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்தான்.

"உங்க பொண்ணுங்க ரெண்டு பேரும் இன்னும் சுடறாங்களா?" என்று கேட்டேன்.

"என்ன விட நல்லா சுடுவாளுங்க."

"கூட்டிட்டு வாங்க. துப்பாக்கி சீசன் மொத்தமும்."

நவம்பரில் துப்பாக்கி சீசனின் ஒன்பது நாளும் ஐந்து பேரும், ஒருவரை ஒருவர் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தோம். முறை மாற்றி இரண்டு மூன்று பேர் இடைவெளி விட்டு வரிசையாக அந்த ஐந்து ஏக்கருக்குள் நடந்து, பேசிக்கொண்டும் குச்சியால் மரத்தைத் தட்டிக்கொண்டும் வெளியே துப்பாக்கியோடு காத்திருந்த மற்றவர்கள் பக்கம் மான்களை விரட்டினோம். நான் எந்தச் சத்தமும் போகக்கூடாது என்று காத்த இடத்தில் பிரிபிலின் மூத்தவள் சீட்டியடித்துக்கொண்டு போனாள். பதினேழு மான்கள் விழுந்தன. எல்லாத் தலைகளும் சோதனைக்குப் போயின. முடிவு தெரிகிறவரை இறைச்சியை யாரும் தொடக்கூடாது என்று தனித்தனியாகப் பெயர் எழுதி உறைபெட்டியில் அடுக்கினோம். ஊற்றடி எலும்புகளைக் கையுறை மாட்டிப் பொறுக்கி, இரட்டைப் பையில் கட்டி, இதற்கென்று வைத்திருக்கிற தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டோம். ஆறு நடை ஆனது. பதினேழில் நான்குக்கு நோய் என்று டிசம்பரில் சொன்னார்கள். குறைவா அதிகமா என்று கேட்டேன். அடுத்த வருடமும் இதே மாதிரி செய்தால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்றாள் அந்தப் பெண். அதற்கடுத்த வருடமும்.

சீசனின் கடைசி நாள் மதியம் மற்றவர்கள் போய்விட்டார்கள். நானும் ஆர்லனும் கடைசி மானை வண்டிவரை இழுத்து வந்தோம். நாற்பதடிக்கு ஒருமுறை நின்றோம். ஏற்றி முடித்ததும் வண்டியின் பின்பலகையிலேயே உட்கார்ந்து பாலாடைக்கட்டியும் ரொட்டியும் சாப்பிட்டோம்.

"மார்ச்ல ரம்பத்துக்குப் புதுச் சங்கிலி வாங்கணும்" என்றான்.

"இன்னும் எதுக்கு வெட்டணும்? மான குறைக்கறோம்ல?"

"குறைச்சா ஓக் கன்னு மேல வருமில்ல. வெளிச்சம் வேணாமா அதுக்கு?"

நான் பதில் யோசித்துச் சொல்வதற்குள், கையில் பாதி ரொட்டியோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கிவிட்டான். சிறு தூறலாகப் பனி விழ ஆரம்பித்தது. வண்டிக்குள்ளிருந்து பழைய கம்பளியை எடுத்து அவன் மேல் போட்டேன். எனக்கும் எழுந்து வண்டியைக் கிளப்ப மனமில்லை. அந்தப் பாதி ரொட்டியை எடுத்து நானே தின்றேன்.