யஷ்வினி கன்னத்து வட்டம்

என் வீட்டுக்காரர் காந்தனுக்கு இடுப்பில் படர்தாமரை வந்து ஒரு வருஷமாகிறது. வரும், போகும், மறுபடி வரும். செங் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெல்ட்டும் பூட்ஸுமாக நாள் முழுக்க வெக்கையில் நிற்கிற மனுஷன். வேர்வை வடிய வீட்டுக்கு வந்து அதே ஈரத்தோடு நாற்காலியில் சாய்வார், சொறிவார். பார்மசியில் வாங்கிய களிம்பை அரிப்பு நிற்கிற வரைக்கும் பூசுவார். நின்றதும் டியூபைத் தூக்கி எங்கேயாவது போட்டுவிடுவார். "அதான் போயிருச்சே, இன்னும் என்னத்துக்கு?" என்பார். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

எங்கள் இரண்டு பேரோடு போயிருந்தால் நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் ஆயர் குரோவில் எங்கள் வீட்டில் பகல் முழுக்க யஷ்வினி இருந்தாள்.

யஷ்வினி நான் பெற்ற பிள்ளையில்லை. பிள்ளை பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அவள் அம்மா ஷாந்தினிக்கு டுரியான் துங்காலில் ஆபீஸ் வேலை. பிரசவ லீவு முடிந்ததும் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்து அனுப்பியாயிற்று, இவள் மட்டும் என்னமோ ஒட்டிக்கொண்டாள். எனக்குப் பிள்ளை கிடையாது. சாயங்காலம் ஷாந்தினி வந்து தூக்கிக்கொண்டு போனதும் வீடு பிடித்துத் தின்னும்.

ஸ்பிரிங் மாட்டி ஏணை கட்டப் பழைய கைலி மாதிரி எந்தத் துணியும் வராது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகியிருக்கும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் பிள்ளை தூங்குவது யாராவது ஒரு ஆம்பிளையின் கைலியில்தான். நானும் காந்தனுடையதைத்தான் கட்டினேன். துவைத்துத்தான் கட்டினேன். ஆனால் மழைக் காலம். அவர் கைலி, துண்டு, பிள்ளைத் துணி எல்லாம் ஒரே மெஷினில் சுற்றி, ஃபேனுக்கடியில் அரைகுறையாகக் காய்ந்தது.

பிறகுதான் யஷ்வினி கன்னத்தில் அந்த வட்டம் வந்தது. ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து, இருபது சென் காசு அளவுக்கு. எச்சில் பட்ட புண் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு வேலாயி அக்கா கொடுத்த க்ரீமைத் தடவினேன். இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது. அப்புறம் கன்னம் முழுக்கப் படர்ந்தது.

ஷாந்தினி கிளினிக்குக் கொண்டு போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"குராப்பாம் ஆன்ட்டி. படர்தாமரை. நீங்க போட்ட க்ரீம்ல ஸ்டீராய்டு இருக்குதாம். செவப்பை மட்டும் அமுக்கிட்டு உள்ள நல்லா வளர விட்டுருமாம்."

"நல்லதுக்குத்தாம்மா போட்டேன்."

"தெரியும் ஆன்ட்டி. வீட்ல யாருக்காச்சும் இருக்கான்னு டாக்டர் கேட்டாரு." சொல்லிக்கொண்டே காந்தனைப் பார்த்தாள். அந்த மனுஷன் சரியாக அந்த நேரம் பார்த்து இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தார். "கொஞ்ச நாளைக்கு தாஸ்காவுல விட்டுப் பாக்குறேன். பயமா இருக்குலா."

தாஸ்கா என்றால் ஒருத்திக்கு நாலைந்து பிள்ளைகள் என்று வைத்துப் பார்க்கிற காப்பகம். என் பிள்ளை அங்கே யார் மடியில் தூங்கும்? 

காந்தன் அன்றைக்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. மறுநாளே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். வட்டத்துக்கு வெளியேயும் தள்ளிப் பூச வேண்டும், தோல் சுத்தமான பிறகும் சொன்ன நாள் வரைக்கும் நிறுத்தக் கூடாது, துண்டும் துணியும் தனித்தனி, சுடுதண்ணீரில் துவைத்து நன்றாகக் காய வைக்க வேண்டும் என்றார். நான் கொதிக்க வைத்தேன், வெயில் வந்தபோதெல்லாம் ஓடி ஓடிக் காயப்போட்டேன், மிச்ச ஈரத்துக்கு இஸ்திரி போட்டேன். அவருக்கு ஹாலில் தனிப் பாய். "ஒங்களாலதான் என் பிள்ள போச்சு" என்று விடிந்தால் பொழுது போனால் சொன்னேன். அவர் களிம்பு பூசிக்கொண்டு படுப்பார். எனக்கும் உடம்பெல்லாம் அலுத்துப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து, காலையில் வாசலில் கார் நின்றது. ஷாந்தினி பிள்ளையோடு இறங்கினாள்.

"தாஸ்காவுல வேணாம்னுட்டாங்க ஆன்ட்டி. மறுபடியும் வந்துருச்சு."

பார்த்தேன். கன்னம் ஆறியிருந்தது. காதுக்குக் கீழே புதிதாக ஒன்று.

"அதெப்படிம்மா? என் வீட்டுப் பக்கமே வரலையே!"

ஷாந்தினி சட்டைக் காலரை விலக்கிக் காட்டினாள். கழுத்திலிருந்து தோள் வரைக்கும் வட்டத்துக்குள் வட்டமாகப் படர்ந்து கிடந்தது. யஷ்வினி தலை சாய்க்கிற தோள்.

"புள்ள பொறந்ததுலேருந்தே இருக்கு. டாக்டர் கேட்டப்ப வெக்கமா இருந்துச்சு, எனக்கு இல்லன்னுட்டேன். அங்கிள் சொறிஞ்சதைப் பாத்ததும் அவர்கிட்டருந்து வந்ததாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." அழ ஆரம்பித்தாள். "சோரி ஆன்ட்டி."

உள்ளே காந்தன் கோப்பி உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போடி வெளியே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் நிற்க முடியாமல் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

"ஒனக்கு மருந்து வாங்கினியா?"

"இல்ல ஆன்ட்டி. டைமே இல்ல."

"இன்னிக்குச் சாயங்காலம் கிளினிக் போயிட்டுத்தான் இங்க வரணும். மருந்தைக் காட்டாம புள்ளையக் குடுக்க மாட்டேன். கொண்டா இப்படி."

யஷ்வினி என்னை உற்றுப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். நான் வாங்கியதும் வீறிட்டு, இரண்டு கையையும் அம்மாவிடம் நீட்டித் தாவினாள்.

"நீ போம்மா, லேட்டாகுது" என்றேன். கார் தெருமுனை திரும்பிப் போன பிறகும் அழுகை நிற்கவில்லை. தட்டினேன், பாடினேன், வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்தேன். என் முகத்தைப் பார்க்கப் பார்க்க இன்னும் அழுதாள்.

காந்தன் வந்து எட்டியே நின்றார். ஒரு மாதமாக அவரிடம் திட்டாமல் நான் பேசியது அப்போதுதான்.

"என்னங்க, என்னை மறந்துட்டா இவ" என்றேன்.