தொடர்பில் இல்லாதவர்கள்

விண்ணப்பத்தின் பதினான்காவது கேள்விக்கு வந்தபோதுதான் சின்ன டாக்டரின் கை நின்றது. அதுவரை எல்லாம் மளமளவென்று ஓடியிருந்தது. வெளிநாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்று தரும் ஃபெலோஷிப் அது. ஏழை நாடு ஒன்றில் ஓராண்டு தங்கி, புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளலாம். திரும்பி வந்தால் பெரிய மருத்துவமனைகள் கூப்பிட்டு நாற்காலி போடும்.

பதினான்காவது கேள்வி இதுதான்: நீங்கள் பணியாற்றிய ஆய்வில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், விலகியவர்கள் ஏன் விலகினார்கள்?

இரண்டு வருடமாக அவள் வேலை பார்த்தது மூட்டுவலி மருந்து ஒன்றின் சோதனையில். துறைத்தலைவர்தான் அதை நடத்தினார். வார்டில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்', அதனாலேயே இவள் 'சின்ன டாக்டர்' ஆகிவிட்டாள். சேர்ந்தவர்கள் அறுபத்திரண்டு பேர், முடித்தவர்கள் ஐம்பத்தொன்று. மீதிப் பதினோரு பேருக்கும் பதிவேட்டில் ஒரே பதில்: 'தொடர்பில் இல்லை.'

"அப்படியே எழுதிட்டுப் போங்கக்கா. யாரு போய்ப் பார்க்கப் போறா?" என்றாள் பக்கத்து மேசையிலிருந்த ஜூனியர். நடையிலும் பேச்சிலும் வேகம் என்பதால் அவளுக்குப் 'புல்லட்' என்று பெயர். அடுத்த வருடம் இதே ஃபெலோஷிப்புக்குப் போட வேண்டும் என்பது அவள் கனவு.

சின்ன டாக்டருக்கு அரைகுறை ஆகாது. நாலு பேரையாவது தேடிப் பிடித்துவிட்டால் பதில் கௌரவமாக இருக்குமே என்று நினைத்தாள். வார்டின் மூத்த நர்ஸைக் கூட்டிக்கொண்டு, முகவரித் தாளோடு ஒரு சனிக்கிழமை காலையில் கிளம்பினாள்.

முதல் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாவது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். மூன்றாவது, மரப்பட்டறை ஒன்றின் மாடியிலிருந்த தச்சர் வீடு. கதவைத் திறந்த பெண் மருத்துவமனை அட்டையைப் பார்த்ததும் கை துடைப்பதை நிறுத்தினாள்.

"அவர் இல்லைங்களே. போய் ஏழு மாசமாச்சு."

"எங்க போயிருக்கார்?" என்று கேட்ட பிறகுதான் சின்ன டாக்டருக்கு உறைத்தது.

"முட்டிவலின்னுதானே வந்தாரு. மாத்திரை ஆரம்பிச்சு ஒன்பதாம் நாளு கால் வீங்கிச்சு. அப்புறம் ஒண்ணுக்கே போகலை. நாலே நாள்." அவள் அழவில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல். "உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து மறுநாளே ஒருத்தர் வந்தாரே. ரொம்ப மரியாதையான மனுஷன். மிச்ச மாத்திரை, அட்டை எல்லாம் வாங்கிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியாதா?"

நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று வீடுகளில் அதே கதை. ஒரு பஸ் கண்டக்டர், ஒரு பள்ளிக்கூட ஆயா, ஒரு வாட்ச்மேன். எல்லோருக்கும் கால் வீக்கம். எல்லா வீட்டுக்கும் அந்த மரியாதையான மனிதர் வந்து போயிருந்தார். திரும்பும் வழியில் நர்ஸ் மெல்லச் சொன்னாள்: "டாக்டரம்மா, எனக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ் இருக்கு. நான் இன்னிக்கு உங்ககூட வரலை. எங்கயும் வரலை."

திங்கட்கிழமை அவள் போய்ச் சொல்வதற்குள் பெரியவரே கூப்பிட்டு அனுப்பினார். அறையில் எப்போதும்போல ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

"உட்காரும்மா. வெயில்ல வீடு வீடா அலைஞ்சியாமே."

"நாலு பேர் இறந்திருக்காங்க சார். நாலும் ஒரே மாதிரி."

"மூட்டுவலி வர்ற வயசுல சாவும் வரும்." அவர் குரலில் கோபமே இல்லை. ஒரு கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். தச்சரின் படிவம். பதினைந்தாம் நாள் பரிசோதனை, 'நோயாளி நலம்'. அதன் கீழே அவளுடைய கையெழுத்து. தச்சர் செத்து இரண்டு நாள் கழித்துப் போட்ட தேதி.

அவளுக்கு ஞாபகம் வந்தது. கூட்டம் அலைமோதிய ஒரு நாளில் வெற்றுப் படிவங்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். "ஃபார்மாலிட்டிதான், போட்டுக் கொடுங்க டாக்டர்" என்றார்கள். மறு பேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தாள்.

"உனக்குப் பரிந்துரைக் கடிதம் நேத்தே அனுப்பிட்டேன். நல்லாவே எழுதியிருக்கேன். போயிட்டு வா. உலகத்தைப் பாரு" என்றார் பெரியவர்.

வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"நீ மாட்டிக்குவே. அவர் மாட்டமாட்டார். இது மட்டும் எனக்குத் தெரியுது" என்றான்.

"தெரியுது. ஆனா எழுதாம இருக்க முடியலைங்க."

"சரி, எழுது. அந்த வெளிநாட்டுக்காரங்களாவது ஏன்னு கேட்பாங்க."

அவள் பதினான்காவது கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். பதினோரு பேரில் நால்வர் இறந்தார்கள், இன்ன தேதி, இன்ன அறிகுறி, மாத்திரைகள் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டன, படிவத்தில் கையெழுத்து என்னுடையது. விண்ணப்பத்தை நிராகரிப்பார்கள், இல்லையென்றால் விசாரிப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் சரி.

ஆறாம் நாள் பதில் வந்தது. அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

'தொடர்பில் இல்லாதவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நீங்கள் காட்டிய ஈடுபாடு குழுவை மிகவும் கவர்ந்தது. அங்கே உங்களுக்கு அந்தப் பொறுப்பையே வழங்க விரும்புகிறோம். வீடுகளுக்கு நேரில் சென்று குடும்பத்தாருடன் கனிவாகப் பேசி, எஞ்சிய மருந்துகளையும் அட்டைகளையும் பெற்று வருவது உங்கள் பணி. மருந்து இதே மருந்துதான் என்பதால் உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும்.'

இறந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடிதத்தை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறைதான் புரிந்தது. அவள் எழுதியதை அவர்கள் படிக்காமல் விடவில்லை. வரி விடாமல் படித்திருந்தார்கள்.

மறுநாள் அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அப்பாலிருந்த எழுத்தரிடம் புகாரையும் கடிதத்தின் நகலையும் நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பொய்ப் படிவத்துல கையெழுத்துப் போட்ட டாக்டர் யாரும்மா?"

"நான்தான்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

கணவன் சொன்னபடியேதான் நடந்தது. மூன்றாம் வாரம் அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். விசாரணைக் குழு அமைத்தார்கள். உறுப்பினர் பட்டியலில் இரண்டாவது பெயர் பெரியவருடையது. ஒன்று மட்டும் நல்லது நடந்தது. இங்கே அந்த மருந்தின் அடுத்த கட்டச் சோதனைக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தி வைத்தார்கள். தச்சரின் மனைவி தானாகவே வந்து சாட்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொன்னாள்.

மீதிப் பேரை அவள் தனியாகவே தேடினாள். இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் தெருக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள்.

அவள் வேண்டாமென்று மறுத்த ஃபெலோஷிப் இடம் காலியாகக் கிடக்கவில்லை. அடுத்த வருடம்வரை காத்திருக்காமல் விண்ணப்பித்த புல்லட்டுக்குக் கொடுத்தார்கள். சின்ன டாக்டர் அவள் வீட்டுக்கே போய்க் கடிதத்தைக் காட்டிச் சொல்லிப் பார்த்தாள். புல்லட் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கடைசியில், "உங்களுக்குக் கிடைச்சதை நீங்க வேண்டாம்னீங்க அக்கா. எனக்கு இன்னொரு தடவை கிடைக்காது. அங்க போய் நான் ஜாக்கிரதையா இருந்துக்குவேன்" என்றாள்.

புல்லட் போன ஐந்தாம் வாரம் அவளிடமிருந்து ஃபோன் வந்தது. வழக்கமான வேகம் குரலில் இல்லை.

"அக்கா, இங்க ஒரு பட்டியல் கொடுத்திருக்காங்க. நூத்தி நாப்பது வீடு."

"எத்தனை பார்த்தே?"

"பதினெட்டு."

"எத்தனை பேர் இருக்காங்க?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. புல்லட் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாஸ்போர்ட்டைப் பத்திரமா வைக்கறோம்னு அவங்களே வாங்கி வெச்சிருக்காங்க அக்கா. வந்த அன்னிக்கே."

சின்ன டாக்டர் சமையல் மேடையிலிருந்த பேனாவை எடுத்தாள். கையில் கிடைத்தது மகளின் பள்ளி நோட்டு.

"சரி, பதட்டப்படாதே. முதல் வீட்டிலேர்ந்து சொல்லு. பேரு, தேதி. மெதுவாச் சொல்லு, நான் எழுதிக்கறேன்."